நீரை விரட்டாமல் சாறெடுத்தல்: வல்லாரை, நீர்ப்பிரமி, வாலுளுவை

அரை கிலோ வல்லாரைச் சருகை எட்டு லிட்டர் தண்ணீரில் போட்டு எட்டொன்றாக வற்றக் காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு லிட்டர் நீர் ஆவியாகப் போயாக வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் பிடிக்கும். கொதிநிலை வரை ஏற்றும் செலவையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 18 மெகாஜூல். கல் கூட்டிய அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போனாலே பெரிது. ஆக, அரை கிலோ இலைக்கு ஆறு முதல் எட்டு கிலோ விறகு எரிகிறது. கேஸ் அடுப்பானால் 650 கிராம் எரிவாயு.

மூலிகைச் சாறு 'இயற்கையானது' என்று சீட்டு ஒட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். பசுமைப் பிரித்தெடுப்பு என்றதும் கேளா ஒலி, மீக்கடந்த கரியமில வாயு என்று இயந்திரங்களின் பெயர்தான் முதலில் வந்து விழும். அவற்றுக்கும் இடமுண்டு, பின்னால் பார்ப்போம். ஆனால் ஒரு மகளிர் குழுவோ சிறு சித்த மருந்துக்கூடமோ தன் சுற்றுச்சூழல் கணக்கைப் பாதியாகக் குறைக்க எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. குறைவான நீரில் ஊறவைத்து, ஊறிய நீரை வீணாக்காமல் சுழற்றினாலே போதும்.

எது கரைய வேண்டும்?

வல்லாரையில் நாம் தேடுவது ஏசியாட்டிகோசைடு, மெடிகாசோசைடு என்னும் சப்போனின்களை. நீர்ப்பிரமியில் தேடும் பேகோசைடுகளும் சப்போனின் இனம்தான். இந்த மூலக்கூறுகளில் சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியிருப்பதால் தண்ணீரிலும், தண்ணீர் கலந்த ஆல்கஹாலிலும் கரையும். ஹெக்சேன் போன்ற எண்ணெய் இழுக்கும் கரைப்பான்களில் கரையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

சப்போனின் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தேக்கரண்டி வடிநீரை மூடியிட்ட கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதைப்போல் நான்கு மடங்கு தண்ணீர் சேர்த்து, அரை நிமிடம் வேகமாகக் குலுக்கி நிறுத்துங்கள். பெரிய குமிழிகளாக எழுந்து உடனே உடைந்தால் சத்து இறங்கவில்லை. பொடிக் குமிழிகள் நெருக்கமாக ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்று, பத்து நிமிடம் கழித்தும் அடங்காமல் இருந்தால் இறங்கியிருக்கிறது. எவ்வளவு இறங்கியது என்று இது சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. பார்க்க வேண்டும். ஆனால் முதல் வடிப்பையும் மூன்றாம் வடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது தாராளமாகப் போதும். கீழே மூன்று ஜாடி முறைக்கு இது தேவைப்படும்.

மருத்துவப் பலனைப் பற்றி இரண்டு வரி. நீர்ப்பிரமியை வைத்து நடந்த மனித ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 300 மில்லிகிராம் தரப்படுத்திய சாற்றை 12 வாரம் கொடுத்திருக்கிறார்கள். படித்ததை நினைவுகூர்வதில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது, குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு வந்தன. வல்லாரைக்கு மனித ஆய்வுச் சான்று இதைவிட மெலிது. தேர்வு மாதத்தில் 'ஞாபக சக்தி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வரும் டப்பாக்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது தைராய்டு சிக்கல் உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சாறுகளைத் தொடக் கூடாது.

செடி நின்ற இடம்

நீர்ப்பிரமி சதுப்பில் வளரும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. மாசுபட்ட நீரைச் சுத்திகரிக்க இந்தச் செடியையே பயன்படுத்திப் பார்க்கும் அளவுக்கு அதில் அது கெட்டி. ஊர்ச் சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்திலும் தோல் பதனிடும் ஆலைக் கழிவு ஓடும் பக்கத்திலும் தளதளவென்று படர்ந்திருக்கும் செடியைப் பறித்து வந்தால், நீங்கள் பிரித்தெடுப்பது பேகோசைடை மட்டும் அல்ல. சாற்றைச் செறிவாக்கும்போது உலோகமும் கூடவே செறிவாகும். ஆயுஷ் விதிப்படி மூலிகை மருந்தில் ஈயம் 10 பி.பி.எம்., ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். தாண்டக் கூடாது. வல்லாரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே தொட்டியிலோ, கிணற்று நீர் பாயும் பாத்தியிலோ நீங்களே வளர்ப்பதுதான் நல்லது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் நீர்ப்பிரமியில் பிரக்யாசக்தி, சுபோதக், சிம்-ஜாக்ரிதி என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வல்லாரைக்கு அரை நிழல் போதும், தென்னந்தோப்பில் ஊடுபயிராக நன்றாக வரும். அறுக்கும்போது பிடுங்காதீர்கள். வல்லாரையில் ஓடுதண்டை மண்ணோடு விட்டு இலைக்காம்பை மட்டும் கத்தரிக்க வேண்டும். நீர்ப்பிரமியில் அடியில் நான்கைந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

நாட்டு மருந்துக் கடையில் 'பிரம்மி' என்று கேட்டால் சில இடத்தில் வல்லாரை வரும், சில இடத்தில் நீர்ப்பிரமி வரும். சருகாக வாங்கினால் பிரித்தறிவது கடினம், பச்சையாக வாங்கினால் குழப்பமே இல்லை. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், காம்பு சேரும் இடத்தில் பிளந்து, ஓரம் வளைபற்களோடு இருக்கும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, சதைப்பற்றானது, காம்பில்லாமல் எதிரெதிரே நிற்கும். அலங்காரத் தொட்டிச் செடியாக விற்கும் ஒரு போலி வல்லாரையும் உண்டு; அதில் காம்பு இலையின் நடுவிலேயே போய் ஒட்டும். அதை வாங்கி வந்து அரைத்துவிடாதீர்கள்.

உலர்த்தல்

பச்சை வல்லாரையில் 85 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். பத்து கிலோ பறித்தால் ஒன்றேகால், ஒன்றரை கிலோ சருகு கிடைக்கும். இந்த நீரை வெயில் இலவசமாக எடுத்துக்கொள்ளும்போது மின் உலர்த்தி எதற்கு? ஆனால் நேர் வெயில் வேண்டாம், இலை வெளுத்துவிடும். மொட்டை மாடியில் கறுப்புத் துணியோ தகரமோ மேலே போட்டு, கீழே காற்று புகுந்து மேலே வெளியேறும்படி அமைத்த பெட்டி போதும். உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். காம்பை வளைத்தால் 'சடக்' என்று ஒடிய வேண்டும், துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்த வேலையை ஒத்திப்போடுவதே மேல். பூஞ்சை பிடித்த சருகை எந்தச் சாறும் காப்பாற்றாது.

உலர்ந்ததை ரவை பருமனுக்கு உடையுங்கள். மாவாக அரைத்தால் வடிதுணி அடைத்துக்கொண்டு, சேறு போன்ற கூழில் சாறு சிக்கிக்கொள்ளும்.

மூன்று ஜாடி முறை

தேநீர்த் தூளில் இரண்டாம் தடவை போட்டால் சாயம் குறைவாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூலிகையிலும் அப்படித்தான். ஒரே தடவையில் எல்லாச் சத்தையும் இழுக்க ஏராளமான நீர் ஊற்றுகிறோம், பிறகு அந்த நீரை விரட்ட விறகு எரிக்கிறோம். இரண்டையும் தவிர்க்கும் வழி, புது நீரைச் சக்கையின் மேலும் சத்தேறிய நீரைப் புதுச் சருகின் மேலும் ஊற்றுவது. ஆலைகளில் இதை எதிரோட்டப் பிரித்தெடுப்பு என்பார்கள். மூன்று எவர்சில்வர் பாத்திரங்களை வைத்து வீட்டிலும் செய்யலாம்.

ஜாடிகளை அ, ஆ, இ என்று குறியிடுங்கள். ஒவ்வொன்றிலும் 500 கிராம் சருகு. முதல் நாளில் சுற்றைத் தொடங்க ஓரிரு வடிப்பு வீணாகும், அதைக் கணக்கில் விட்டுவிடுவோம். சுற்று ஓடத் தொடங்கியபின் நிலைமை இப்படி இருக்கும்: அ ஜாடியில் ஏற்கெனவே இரண்டு தடவை கழுவிய சருகு, ஆ ஜாடியில் ஒரு தடவை கழுவியது, இ ஜாடியில் புதியது. 75 டிகிரி வெந்நீர் இரண்டரை லிட்டரை அ ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். வடித்து, துணியில் கட்டிப் பிழிந்து, அந்த நீரை மறுபடி சூடாக்கி ஆ ஜாடியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதையும் வடித்து இ ஜாடியில். இ ஜாடியிலிருந்து வடிவதுதான் உங்கள் சாறு. அடர் தேன் நிறத்தில் இருக்கும், காய்ச்சி வற்ற வேண்டியதில்லை.

இப்போது அ ஜாடியின் சக்கையைக் கொட்டிவிட்டு அதில் புதுச் சருகு நிரப்புங்கள். அடுத்த சுற்றில் ஆ முதலிடத்துக்கும், இ இரண்டாம் இடத்துக்கும், அ கடைசி இடத்துக்கும் போகும். பெயர்ச்சீட்டை ஜாடியிலிருந்து கழற்றி மாட்டக்கூடியதாக வைத்தால் குழப்பம் வராது. குழம்பும் இடம் எப்போதும் இதுதான். கழுவிய சருகையும் கழுவாததையும் மாற்றி ஊற்றினால் சுற்று முழுவதும் கெடும்.

புதுச் சருகு தன் எடைக்கு இரண்டு மூன்று மடங்கு நீரைக் குடித்துவிடும் என்பதால் இரண்டரை லிட்டர் ஊற்றி ஒன்றேகால் லிட்டர் அளவுக்குத்தான் கையில் கிடைக்கும். நன்றாகப் பிழிந்தால் கொஞ்சம் கூடும். இருந்தாலும் வெப்பக் கணக்கைப் பாருங்கள்: மூன்று தடவை சூடாக்கியும் 1.5 மெகாஜூலைத் தாண்டாது. எட்டொன்றாகக் காய்ச்சிய 18 மெகாஜூலில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜாடிகளை வைக்கோல் திணித்த பெட்டியில் இறுக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் சூடு அதிகம் இறங்காது, மறுசூட்டுச் செலவும் குறையும்.

அ ஜாடியிலிருந்து வடிவதில் நுரைச் சோதனை செய்துபாருங்கள். நுரை நிற்கவில்லை என்றால் சக்கை வெறுமையாகிவிட்டது, கொட்டலாம். இன்னும் நின்றால் நான்காவது ஜாடி ஒன்று சேர்த்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. நீர்ச் சாறு நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். ஒரே நாளில் சுற்றை முடித்து, குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். வைத்திருக்க வேண்டுமென்றால் மணப்பாகு செய்வதே பழைய வழி: எடையில் 65 விழுக்காடு சர்க்கரை சேர்ந்தால் நுண்ணுயிர் வளராது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது உதவாது. அவர்களுக்குச் சருகைப் பொடியாகவே கொடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு பச்சையாகச் சம்பல் போடுகிறார்கள், நம் பக்கம் துவையல். சாறே எடுக்காத இந்த முறைகளுக்குத்தான் விறகுச் செலவு மிகக் குறைவு, அதை இந்த அத்தியாயத்தில் எழுதுவது கொஞ்சம் தற்கொலைதான் என்றாலும்.

ஆல்கஹால்

50 முதல் 70 விழுக்காடு எத்தில் ஆல்கஹால் கலந்த நீர் இரண்டு மூலிகைகளுக்கும் நல்ல கரைப்பான். கெடாது, மீட்டு மறுபடி பயன்படுத்தலாம், கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்தே வருகிறது. ஒரு கிலோவை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பமும் தண்ணீரைப்போல் ஐந்தில் இரண்டு பங்குக்கு உட்பட்டதுதான். மூன்று ஜாடி முறை அப்படியே பொருந்தும். சூடாக்க வேண்டாம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாள் விடுங்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். விற்பனைக்குச் சித்த மருந்து செய்யத் தனியாக 25-டி உரிமமும், அட்டவணை 'டி' (T) சொல்லும் கூட ஒழுங்கும் தேவை. அனுமதி கிடைக்கவில்லை என்று பெயின்ட் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டையோ கை கழுவும் சானிடைசரையோ எடுத்துவிடாதீர்கள். முன்னதில் மெத்தனால் இருக்கிறது, பார்வை நரம்பைத் தாக்கும். ஹெக்சேன் வேறு வகை ஆபத்து: அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் கை, கால் நரம்புகளை வாட வைக்கும். நினைவாற்றல் மருந்து செய்ய நரம்பு நஞ்சைப் பயன்படுத்துவதில் என்ன நியாயம்? பன்னாட்டு மருந்துத் தரக் குறிப்பு மருந்தில் எஞ்சியிருக்கலாம் என்று அனுமதிக்கும் அளவுகளே கதையைச் சொல்லும்: ஹெக்சேன் 290 பி.பி.எம்., மெத்தனால் 3,000, எத்தனால் 5,000.

எத்தனால் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். அடுப்பு, பீடி, பொறி விடும் சுவிட்ச் எதுவும் அந்த அறையில் கூடாது. மீட்க வெந்நீர்த் தொட்டியில் வைத்த மூடிய வடிகலன் மட்டும். வெற்றிடத்தில் வடித்தால் மின்சாரம் மிச்சம் என்று சிலர் விற்பார்கள். வெற்றிடத்தில் கொதிநிலை இறங்கும், சத்து வெப்பத்தில் சிதையாமல் தப்பும், அது உண்மை. ஆனால் ஆவியாக்கத் தேவையான வெப்பம் அதனால் குறைவதில்லை.

நெய், எண்ணெய், வசம்பு

வல்லாரை நெய், பிரமி நெய் ஆகியவற்றின் கதை வேறு. கற்கம் ஒன்று, நெய் நான்கு, சாறோ கஷாயமோ பதினாறு என்ற பழைய அளவில் பதினாறு பங்கு நீரையும் நெய்யின் மேல் வற்றவைக்க வேண்டும். எரிபொருளுக்கு இது மிக மோசமான முறை. நூல் பெயரில் மருந்து விற்பவர் அந்த நூல் முறையைக் குறைக்க முடியாது, சட்டமே அங்கீகரித்த நூல்களின் முறையைத்தான் கேட்கிறது. அவர் செய்யக்கூடியது அடுப்பை மாற்றுவது. புகைபோக்கி வைத்த திருத்திய அடுப்பு, இறுக்கமான மூடியில்லாத அகன்ற உருளி, மெல்லிய தீ. பதம் கைமுறைதான்: திரியில் நனைத்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும்.

மூன்றாவது மூலிகையான வாலுளுவையின் விதையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். மரச்செக்கில் ஆட்டினால் வேறெந்தக் கரைப்பானும் வேண்டாம். இங்கே உங்கள் பொறுப்பு செக்கில் தொடங்குவதில்லை. இந்தக் கொடி பெரும்பாலும் காட்டிலிருந்து வருகிறது. காய்க்காகக் கொடியையே வெட்டி இழுக்கும் சேகரிப்பாளரிடம் வாங்காதீர்கள். வேலியோரம் நட்டால் நன்றாகப் படரும்.

பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கிய வசம்பை இந்தப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். நம் நாட்டு வசம்பு எண்ணெயில் பீட்டா-அசரோன் அதிகம். விலங்குகளில் புற்று உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. உரைத்துத் துளி தடவுவது வேறு. காய்ச்சி வடித்து எண்ணெயாகச் செறிவாக்குவது அந்த நஞ்சைச் செறிவாக்குவது. எவ்வளவு பசுமையான முறையில் எடுத்தாலும் அதுதான் கிடைக்கும்.

இயந்திரம் வாங்கும் முன்

மீக்கடந்த கரியமில வாயு 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல் வேலை செய்கிறது, எச்சம் விடுவதில்லை. ஆனால் அது எண்ணெய்த் தன்மையுள்ளதைத்தான் இழுக்கும். வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் அதில் போட்டால் சப்போனின் சக்கையிலேயே தங்கிவிடும், ஆல்கஹாலைத் துணைக்கு அனுப்பினால்தான் ஓரளவு வரும். பிறகு எதற்கு அத்தனை செலவு? கேளா ஒலித் தொட்டி 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் இலைச் செல்லை உடைத்து ஊறும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். தினமும் பல கிலோ ஓட்டும் கூடத்துக்கு அது பயன்படும், வாரம் ஒரு முறை செய்பவருக்குப் பெட்டி தூசி பிடிக்கும். சர்க்கரையும் புளிப்பமிலமும் கலந்த 'இயற்கை ஆழ்யூடெக்டிக்' கரைப்பான்கள் பற்றி ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. அவை ஆவியாவதில்லை என்பதே அவற்றின் சிறப்பு, சாற்றிலிருந்து பிரிக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

சக்கை

நீரில் ஊறிய சக்கையைச் சாணத்தோடு கலந்து மட்கவிடலாம். ஆல்கஹாலில் ஊறியதை அப்படியே கொட்டினால் ஆல்கஹாலுக்குச் செய்த செலவில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. பிழிந்தபின் சக்கையின் மேல் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே தங்கியிருக்கும் ஆல்கஹால் தள்ளப்பட்டு முதலில் வெளியேறும். அதைத் தனியாகப் பிடித்து வடிகலனுக்கு அனுப்புங்கள். மீட்ட ஆல்கஹாலின் செறிவை மானியால் பார்த்து அடுத்த சுற்றுக்குத் தேவையான நீரை அதிலேயே கழித்துக்கொள்ளலாம்.

பாத்திரம் கழுவிய நீரைக் குளத்திலோ மீன் வளர்க்கும் தொட்டியிலோ விடாதீர்கள். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். வாழைப் பாத்தியில் ஊற்றினால் மண் அதைச் சிதைத்துவிடும். மறுநாள் அதே பாத்தியின் நிழலில் வல்லாரை ஓடுதண்டு நட்டாலும் தடையில்லை.